பழவேற்காட்டில் மீன் எங்கே போயிற்று? – ஏரி, குளம், மீன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் மீன் விலையைப் பற்றி நான் எழுதிய சிறு குறிப்புக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏரிகளைப் பற்றியவை. காசிமேட்டில் பிறந்து, பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்றவள் என்பதால் என்னிடம் கேட்டால் தெரியும் என்று நினைக்கிறீர்கள். சரி, தெரிந்தவரை சொல்கிறேன். முதல் கேள்விக்கே அதிக இடம் போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: மாதம் இருமுறை பழவேற்காட்டுக்குப் போய் இறாலும் நண்டும் வாங்கி வருவது எங்கள் வீட்டு வழக்கம். முன்பு வெள்ளை இறால் கூடை கூடையாகக் கரைக்கு வரும். இப்போது வருவதே கொஞ்சம், அதுவும் பொடி. மடவையும் சிறுத்துவிட்டது. காரணம் கேட்டால் ஒருவர் துறைமுகம் என்கிறார், இன்னொருவர் அனல் மின் நிலையம் என்கிறார், மூன்றாமவர் வலை என்கிறார். யார் சொல்வது உண்மை?
– ஓய்வுபெற்ற தபால்காரர், பொன்னேரி

ஐயா, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூவரில் ஒருவர்கூட முகத்துவாரத்தைப் பற்றி வாய் திறக்கவில்லையே என்பதுதான் எனக்கு வியப்பு. பழவேற்காட்டில் மீன் குறைந்துவிட்டது என்று யார் வந்து சொன்னாலும் நான் முதலில் கேட்பது, இந்த ஆண்டு முகத்துவாரம் எத்தனை மாதம் திறந்திருந்தது என்பதைத்தான்.

ஏரி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த இடம் இதற்கு. பரப்பில் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. நம் பங்கு ஏறக்குறைய ஆறில் ஒன்று. கிழக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவு ஏரியையும் கடலையும் பிரிக்கிறது. தெற்கே, நம் பழவேற்காட்டுப் பக்கம், ஏரி கடலோடு சேரும் வாய், அதாவது முகத்துவாரம், இருக்கிறது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அவ்வளவு பெரிய நீர்ப்பரப்பு அவ்வளவு ஆழமில்லாமல் இருப்பதால்தான் அங்கே வெயில் அடிவரை இறங்குகிறது, பாசியும் புழுவும் பெருகுகின்றன, குஞ்சுகளுக்கு இரை கிடைக்கிறது. அதே காரணத்தால் மணல் சேர்ந்தாலும் ஏரி சீக்கிரம் தூர்ந்துபோகிறது.

வெள்ளை இறால் ஏரிக்குச் சொந்தக் குடி அல்ல, வாடகைக்கு வருவது. தாய் இறால் கடலில் முட்டையிடும். பொரித்த குஞ்சு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத அளவில், ஏற்ற நீரோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வரும். சில மாதங்கள் ஏரிச் சேற்றில் தின்று வளர்ந்து, மறுபடி கடலுக்குப் போய் முட்டையிடும். கருவண்டு இறாலும் அப்படியே. நீங்கள் சொல்லும் மடவை, பால்மீன், கொடுவா எல்லாம் முட்டையிடக் கடலையோ முகத்துவாரத்தையோ தேடிப் போகிறவை. சேற்று நண்டுகூட ஏரியில் இணை சேர்ந்தாலும், முட்டை பொரிக்கப் பெண் நண்டு கடலுக்குத்தான் போகிறது. ஆகவே வாய் அடைபட்டால் உள்ளே இருப்பதைப் பிடித்துத் தீர்ப்பது மட்டுமே நடக்கும். புதிதாக எதுவும் வராது. உள்ளே சிக்கியவை முட்டையிட வெளியே போகவும் முடியாது. குஞ்சு நுழைய வேண்டிய பருவத்தில் வாய் அடைபட்டிருந்தால் அதன் விளைவு அன்றைக்கே தெரியாது. சில மாதங்கள் கழித்து, எல்லோரும் வேறு யாரையோ திட்டிக்கொண்டிருக்கும்போது, வலையில் தெரியும்.

வாய் ஏன் அடைபடுகிறது? மழைக்காலத்தில் தெற்கிலிருந்து ஆரணி ஆறும், வடமேற்கிலிருந்து காளங்கி ஆறும் கொண்டுவரும் வெள்ளம் மணலை வெளியே தள்ளிவிடும். மழை முடிந்து ஆற்று நீர் வற்றியதும் தள்ளுவதற்கு ஆள் இல்லை. அலை கொண்டுவரும் மணல் திட்டாகச் சேர்ந்து வாயை மூடுகிறது. இது துறைமுகங்கள் வருவதற்கு முன்பும் நடந்ததுதான். என் பெரியப்பா கோட்டைக்குப்பத்தில் பெண் எடுத்த வீட்டில் தங்கித் தொழில் செய்தவர். குப்பத்தில் தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று பணம் பிரித்து, ஆண்கள் எல்லோரும் மண்வெட்டியோடு போய் முகத்துவாரத்தை வெட்டிவிட்டதை அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். இப்போது மண்வெட்டிக்குப் பதில் பொக்லைன் வருகிறது. வெட்டிய வழி சில வாரங்களில் மூடிக்கொள்கிறது.

இங்கேதான் துறைமுகத்தைச் சொன்னவருக்கு இடம் கொடுக்கிறேன். நம் கரையில் ஆண்டு முழுவதையும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. குறுக்கே கல்லைப் போட்டு எதைக் கட்டினாலும் தெற்குப் பக்கம் மணல் சேரும், வடக்குப் பக்கம் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் மெரினா அகன்றதும், எங்கள் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகள் தேய்ந்ததும் அதனால்தான். அங்கே வீதிகள் கடலுக்குள் போனதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு இதை யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எண்ணூர்த் துறைமுகம் 2001இல் செயல்படத் தொடங்கியது. அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அவற்றுக்கும் வடக்கே இருப்பது பழவேற்காடு. கரையோர மணலின் போக்கு மாறியதும் முகத்துவாரத்தின் போக்கும் மாறியது என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வதை நான் அலட்சியமாகத் தள்ள மாட்டேன்.

அடுத்தது நல்ல தண்ணீர். இதை மீன் பிடிக்கிறவர்களே மறந்துவிடுகிறார்கள். ஆரணி ஆற்றில் மேலே ஆந்திரத்தில் பிச்சாட்டூர் அணை இருக்கிறது, கீழே உங்கள் ஊர்ப் பக்கம் லட்சுமிபுரம் அணைக்கட்டு இருக்கிறது. விவசாயத்துக்கு அவை வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு ஏரிக்குள் எப்போது வருகிறது? பெருவெள்ளத்தில் ஒரேயடியாக வருகிறது, பிறகு வருவதே இல்லை. கோடையில் வாயும் அடைபட்டு, ஆறும் வற்றி, ஆழமில்லாத ஏரியில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தால் ஏரி நீர் கடல் நீரைவிட அதிகம் உப்புக் கரிக்கும். அதைத் தாங்குகிற மீன்கள் சில உண்டு. ஆனால் தாங்குவது வேறு, வளர்வது வேறு. தின்ற இரையெல்லாம் உடம்பின் உப்பைச் சமாளிப்பதற்கே செலவானால் மீன் பெருக்காது. மடவை சிறுத்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்களே, முழுக் காரணம் இது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவதாக வலை. இதை எழுதினால் என் சொந்தக்காரர்களே என்மேல் கோபித்துக்கொள்வார்கள், பரவாயில்லை. பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு முறை உண்டு. ஏரியில் இறால் பிடிக்கும் இடங்களைக் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் தங்களுக்குள் முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும். எந்த இடத்தில் யார் எந்த நாளில் சுற்று வலை போடுவது என்பது முறைப்படி தீர்மானமாகும். நல்ல இடம் ஒருவருக்கே நிலைக்காது; ஓர் இடத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் விழுந்து அரிக்கவும் முடியாது. ஆராய்ச்சியாளர்கள் இதைப் புகழ்ந்து நிறைய எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய அளவுக்கு அது பொன்னுலகம் அல்ல. பாடு முறையில் இடம் பெறாத ஊர்களும் சாதிகளும் கரையில் நின்று வேடிக்கை பார்க்க வேண்டியிருந்தது. இருளர் குடும்பங்கள் கையால் தடவி இறால் பிடித்து, பறிக்கூடையை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பொழுதைக் கழித்தார்கள். அவர்களுக்கு எந்தப் பாடும் கிடையாது. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: ஏரிக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது.

இறாலுக்கு ஏற்றுமதி விலை வந்ததும் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. பாடு முறைக்கு வெளியே இருந்தவர்களும் இறங்கினார்கள்; அவர்களுக்கும் வயிறு இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரை முழுவதும் உதவி என்ற பெயரில் படகுகளும் வலைகளும் வந்து குவிந்தன. ஒரே ஏரியை இன்னும் அதிகம் பேர் பங்கு போட்டால் ஒருவருக்குக் கிடைப்பது குறையாமல் என்ன செய்யும்? வலைக் கண்ணும் சிறுத்துக்கொண்டே போயிற்று. கொசுவலை போன்ற வலையில் விரல் நகம் அளவு இறாலை அள்ளி, காயவைத்துக் கருவாட்டுப் பொடியாக விற்கிறார்கள். ஓரிரு மாதம் விட்டிருந்தால் பல மடங்கு எடையும் விலையும் தந்திருக்க வேண்டியது அது. இன்னொரு கூத்தும் உண்டு: இறால் குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு விற்பதற்காக ஏரிச் சேற்றைத் தோண்டிப் புழு எடுக்கிறார்கள். இறாலும் நண்டும் கிழங்கானும் அந்தப் புழுவைத் தின்றுதான் வளர வேண்டும். எங்கேயோ பண்ணையில் இறால் வளர்வதற்காக இங்கே ஏரி இறாலின் சோற்றைப் பிடுங்குகிறோம்.

பண்ணை என்றதும் நினைவுக்கு வருகிறது. 1990களில் ஏரியைச் சுற்றி இறால் பண்ணைகள் பெருகின. 1996 டிசம்பர் மாதம் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பில் சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றது. தீர்ப்பு என்ன சொல்கிறது, கரையில் என்ன இருக்கிறது என்று நீங்களே ஒருநாள் நடந்து பார்த்து ஒப்பிடலாம். தபால்காரருக்கு நடக்கச் சொல்லித்தர வேண்டுமா?

அனல் மின் நிலையத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம், அது நல்லது செய்கிறது என்பதல்ல. சாம்பலும் வெந்நீரும் கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் என்ன பாடு படுத்தியிருக்கின்றன என்பதை எண்ணூர்க்காரர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பக்கிங்காம் கால்வாய் எண்ணூரையும் பழவேற்காட்டையும் இணைப்பதால் தெற்கு ஓரத்துக்குத் தொல்லை உண்டு. ஆனால் 60 கிலோமீட்டர் ஏரியின் மெலிவுக்கு அதையே முதல் காரணமாகச் சொன்னால், முகத்துவாரத்துக்கும் வலைக்கும் பொறுப்பானவர்கள் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவார்கள்.

ஆக, என் வரிசை: வாய், ஆறு, வலை, அதன்பிறகு மற்றவை. இந்த வரிசையோடு சண்டை போட விரும்புகிறவர்கள் எழுதலாம்.

கேள்வி: முகத்துவாரத்தின் இரு பக்கமும் கல் சுவர் கட்டினால் பிரச்சினை தீர்ந்துவிடுமா? ஏரி முழுவதையும் தூர் வாரினால் என்ன?
– கட்டடப் பொறியாளர், மாதவரம்

சுவர் கட்டும் பணியை அரசு கையில் எடுத்திருக்கிறது. வாய் ஒரே இடத்தில் நிலைத்துத் திறந்திருக்கும் என்றால் மீனவர்களுக்கு லாபம்தான். அவர்கள் பல ஆண்டுகளாகக் கேட்டதும் அதையே. ஆனால் மேலே சொன்ன மணல் கணக்கு இந்தச் சுவருக்கும் பொருந்தும். கல்லுக்குத் தெற்கே சேரும், வடக்கே அரிக்கும். வடக்கே இருக்கும் குப்பத்துக்காரர்கள் என்ன ஆவார்கள் என்ற கேள்விக்கு விடையோடு கட்டினால் சரி. வாரிய மணலைக் கல்லின் வடக்குப் பக்கம் கொண்டுபோய்க் கொட்டுவது ஒரு வழி. நீங்கள் பொறியாளர், செலவுக் கணக்கை நீங்களே போடுங்கள்.

ஏரி முழுவதையும் தூர் வாருவது வேண்டாம். ஏரியின் அடியில் இருப்பது குப்பை இல்லை. கடற்புல்லும் புழுவும் மட்டியும் அங்கேதான். இயந்திரம் வைத்துச் சுரண்டினால் குஞ்சு வளரும் இடத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடுவோம். வாயிலும் வாய்க்காலிலும் வாரினால் போதும்.

கேள்வி: எங்கள் பக்கம் ஆற்றில் கறுப்பாக ஒரு மட்டி அப்பிக்கொண்டிருக்கிறது. காக்கா ஆழி என்கிறார்கள். அது வந்த பிறகு இறால் பிடிக்க இறங்கினால் காலைக் கிழிக்கிறது, இறாலும் இல்லை. இது என்ன, எங்கிருந்து வந்தது?
– இல்லத்தரசி, எண்ணூர்

அம்மா, அது நம் ஊர் மட்டி இல்லை. தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் என்று பல நாட்டுக் கரைகளில் குடியேறி, கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் நம் எண்ணூரிலும் வந்து உட்கார்ந்திருக்கிறது. கப்பலின் அடியில் ஒட்டிக்கொண்டோ, கப்பல் சமநிலைக்காக ஏற்றி இறக்கும் நீரிலோ வந்திருக்க வேண்டும் என்பது நிபுணர்கள் கருத்து.

அது செய்யும் கெடுதல் எளிதாகப் புரியும். நூல் போன்ற இழைகளால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஆற்றின் அடியைப் பாயாக மூடிவிடுகிறது. இறால் பகலில் சேற்றில் புதைந்து ஒளியும் பிராணி. நண்டும் அப்படித்தான். புதைய இடம் இல்லாத இடத்தில் அவை தங்காது. நீங்கள் முன்பு பொறுக்கிய மஞ்சள் மட்டிக்கும் மூச்சுவிட இடம் இல்லை. கையால் தடவிப் பிடிப்பவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு, இதனால் வந்த நட்டத்தை எந்தப் பதிவேட்டிலும் நீங்கள் பார்க்க முடியாது. அவர்கள் பிடிப்பது கணக்கில் வந்தால்தானே நட்டமும் கணக்கில் வரும்?

அதை அள்ளி அகற்றுவது அரசின் வேலை. உங்கள் பகுதி மீனவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பது சரி. உங்களிடம் ஒரே வேண்டுகோள்: வாத்துத் தீவனத்துக்கு, கோழித் தீவனத்துக்கு என்று யாராவது உயிரோடு மூட்டை கட்டி வேறு ஏரிப் பக்கம் கொண்டுபோவதைப் பார்த்தால் தடுங்கள். பழவேற்காட்டுக்கு அது போவதற்கு வேறு வாகனம் வேண்டியதில்லை, கால்வாயே இருக்கிறது என்பது உண்மைதான். அதற்காக நாமே மூட்டையில் கட்டி அனுப்ப வேண்டுமா?

கேள்வி: சின்ன வயதில் செம்பரம்பாக்கம் ஏரி மீன் என்றால் விரால், வாளை, கெண்டை என்று எத்தனையோ. இப்போது கரையில் விற்பது முக்கால்வாசி ஜிலேபிக் கெண்டை. ஏரி கெட்டுவிட்டதா?
– ஆட்டோ ஓட்டுநர், பூந்தமல்லி

தம்பி, செம்பரம்பாக்கத்தைப் பழவேற்காட்டோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. இது மனிதன் கட்டிய ஏரி. கரை நிறைந்தால் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கன அடி கொள்ளளவு. சென்னையின் குடிநீருக்காக இதிலிருந்து இறைத்துக்கொண்டே இருக்கிறோம். 2015 டிசம்பரில் உபரி நீரைத் திறந்துவிட்டு அடையாறு பொங்கியது. 2019 கோடையில் இதே ஏரி காய்ந்து வெடித்துக் கிடந்தது. நான்கு ஆண்டுக்குள் வெள்ளமும் வறட்சியும் பார்த்த ஏரியில், பல ஆண்டு வளர்ந்தால்தான் பெரிதாகும் வாளை எங்கே நிலைக்கும்?

உங்கள் கேள்வியில் இரண்டு வகை மீன் கலந்திருக்கிறது. கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய பெரிய கெண்டைகள் தேங்கிய ஏரியில் இனப்பெருக்கம் செய்வதில்லை. புதுவெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். 1957 ஜூலையில் ஒடிசாவில் இந்தக் கெண்டைகளுக்கு ஊசி போட்டு முட்டையிட வைப்பதில் வெற்றி கண்ட பிறகுதான் நாடெங்கும் குஞ்சு தயாரித்து ஏரிகளில் விடுவது சாத்தியமாயிற்று. அந்த நாளைத்தான் ஜூலை 10 என்று மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். ஆகவே கரையில் கட்லா இல்லை என்றால், குஞ்சு விடவில்லை, அல்லது விட்ட குஞ்சு பிழைக்கவில்லை என்று பொருள். ஏரியின் தண்ணீரைப் பழிக்க இதை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்.

விரால் கதை வேறு. அது ஏரியிலேயே பெருகும் மீன். கரையோரத்தில் புல்லும் கோரையும் அடர்ந்த ஆழமில்லாத இடத்தில் முட்டையிட்டு, செந்நிறக் குஞ்சுக் கூட்டத்தைத் தாயும் தந்தையும் காவல் காக்கும். சீரமைப்பு என்ற பெயரில் ஏரி ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போடுகிறார்கள். நடப்பவர்களுக்கு அழகாக இருக்கிறது. விராலுக்கு முட்டையிட ஓரமே இல்லாமல் போகிறது. சென்னையைச் சுற்றி எத்தனையோ சிறிய ஏரிகளில் இதைப் பார்க்கிறேன், எந்த நீர் ஆய்வறிக்கையும் இதைச் சொல்வதில்லை என்பதால் எரிச்சலோடு இங்கே எழுதுகிறேன்.

ஜிலேபிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. 1952இல் வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட மீன். தாய் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கும். ஆகவே ஓரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குஞ்சு பிழைக்கும். சில மாதங்களிலேயே பருவமடைந்து, ஆண்டில் பல தடவை முட்டையிடும். சாக்கடை கலந்த நீரிலும் வாழும். ஏரி காய்ந்து மறுபடி நிரம்பும்போது முதலில் இடம் பிடிப்பது அதுதான்.

கேள்வி: விடுமுறை நாளில் தூண்டில் போடுவது என் பொழுதுபோக்கு. எந்த ஏரிக்குப் போனாலும் உள்ளங்கை அளவு ஜிலேபிதான். இரையை மாற்ற வேண்டுமா?
– தனியார் நிறுவன ஊழியர், கொளத்தூர்

இரையில் கோளாறு இல்லை. எண்ணிக்கை மிகுந்து இரை போதாதபோது ஜிலேபி வளர்வதை நிறுத்திவிட்டுச் சிறிய உடம்பிலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். அந்த ஏரியில் நீங்கள் பிடித்தது குஞ்சு அல்ல, தாத்தா பாட்டியாகக்கூட இருக்கலாம். அதைத் தின்னும் விராலும் வாளையும் இல்லாத குறை அது. ஆகையால் பிடித்த ஜிலேபியைத் திருப்பி விடாதீர்கள், சமைத்துவிடுங்கள். விரால் குஞ்சு மாட்டினால் மட்டும் விட்டுவிடுங்கள்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியைத் துடைக்க வாங்கிய சக்கர் மீன் பெருத்துவிட்டது என்று ஏரியில் விடுகிறவர்கள் உங்கள் நண்பர்களில் யாராவது இருந்தால் அவர்களோடு பேச்சை நிறுத்துங்கள். முள்ளும் ஓடுமாக அது வலையைக் கிழிக்கிறது, வாங்குவார் இல்லை, பெருகுகிறது. குடிநீர் ஏரிகளில் தூண்டில் போடும் முன்பு மீன்வளத் துறையிடமோ குத்தகைக்காரரிடமோ கேட்டுக்கொள்வது நல்லது. வம்பு வேண்டாம் என்றால் சேத்துப்பட்டில் மீன்வளத் துறையின் ஏரிப் பூங்கா இருக்கிறது.

கேள்வி: முதல் மழை பெய்த மறுநாள் எங்கள் பகுதி ஏரியில் ஏராளமான மீன்கள் செத்து மிதந்தன. தொழிற்சாலைக் கழிவுதான் என்று போராட்டம் நடத்தினோம். அதிகாரிகள் ஆக்சிஜன் குறைவு என்கிறார்கள். மழுப்புகிறார்களா?
– கல்லூரி மாணவர், அம்பத்தூர்

இரண்டும் நடக்கக்கூடியவை. அடுத்த முறை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளச் சில வழிகள் உண்டு. பெரிய மீன்கள் முதலில் செத்து, சிறியவை தப்பியிருந்தால் ஆக்சிஜன் குறைவாக இருக்கலாம். பெரிய உடம்புக்கு அதிகம் வேண்டும். விரால், தேளி, பனையேறிக் கெண்டை ஆகியவை மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்தவை. அவை பிழைத்து மற்றவை செத்திருந்தாலும் அதே முடிவு. சாவு விடியற்காலையில் நடந்ததா என்று விசாரியுங்கள். இரவெல்லாம் பாசியும் மூச்சுவிட்டு நீரிலிருக்கும் ஆக்சிஜனைத் தீர்த்துவிடுவதால் விடியலில்தான் ஏரி மிகவும் திணறும். மாறாக, எந்த நேரத்திலும், பெரியது சிறியது என்ற பேதமில்லாமல், விரால் உட்பட எல்லாம் செத்து, தவளையும் பூச்சியும் சேர்ந்து மிதந்தால் நஞ்சைச் சந்தேகியுங்கள். உடனே ஒரு சுத்தமான பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பனிக்கட்டியில் வைத்து, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குக் கொடுங்கள். மறுநாள் பிடித்த தண்ணீர் எதையும் காட்டாது.

ஆனால் ஆக்சிஜன் குறைவு என்ற பதிலோடு அதிகாரிகளை விட்டுவிடாதீர்கள். ஆக்சிஜன் தானாகக் குறையவில்லை. கோடை முழுவதும் வடிகாலில் தேங்கிய சாக்கடையை முதல் மழை அடித்துக்கொண்டு வந்து ஏரியில் தள்ளியது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுவிட்டன. அந்த வடிகாலை ஏரியோடு இணைத்தது யார் என்று கேளுங்கள். உங்கள் போராட்டத்துக்கு அதைவிட நல்ல கேள்வி கிடைக்காது.

கேள்வி: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பழவேற்காடு ஏரியிலும் பிடிக்கக் கூடாதா?
– மீன் வியாபாரி, திருவொற்றியூர்

அந்த 61 நாள் தடை கடலில் விசைப்படகுகளுக்கு. ஏரித் தோணிகளுக்கு இல்லை. அதனால்தான் அந்த மாதங்களில் சந்தையின் கண் முழுவதும் ஏரி பக்கம் திரும்புகிறது, ஏரிக்கு ஓய்வே கிடைப்பதில்லை. குஞ்சு உள்ளே வரும் நாட்களில் முகத்துவாரத்தை ஒட்டி மட்டுமாவது வலை போடாமல் இருக்கலாம் என்பது என் கட்சி. அந்த நாட்களை ஊர்ப் பஞ்சாயத்துகளே கூடி முடிவு செய்யட்டும். மேலிருந்து ஆணை வந்தால் நடக்காது. பாடு முறையை நடத்தியவர்களுக்கு இதுவும் முடியும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு மீன் வாங்கப் போகிறோம். எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?
– புதிதாகத் திருமணமானவர், பெரம்பூர்

காலையில் சீக்கிரம் போங்கள். வெயில் ஏறிய பிறகு கிடைப்பது மிச்சம். மடவை, கிழங்கான், ஊடான் வாங்கலாம். மூன்றும் குழம்புக்கும் வறுவலுக்கும் ஆகும். மடவையின் வயிற்றை நன்றாகக் கழுவுங்கள், சேறு தின்னும் மீன். நண்டு வாங்கினால் வயிற்று மடிப்பைப் பாருங்கள்: அதில் ஆரஞ்சாகவோ கறுப்பாகவோ முட்டைக் கொத்து இருந்தால் சினை நண்டு, வாங்காதீர்கள். ருசி அதிகம் என்று விற்பவர் சொல்வார். ஓடு மெல்லியதாக அமுங்குகிற நண்டும் வேண்டாம், உள்ளே தண்ணீர்தான் இருக்கும். பொடி இறால் மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளாக இருந்தால் தோணிகள் போயிருக்காது, கிளம்பும் முன் செய்தித்தாளைப் பாருங்கள்.